தறியை எடைக்குப் போடாதீர்கள்: நிதி அமைச்சருக்கும் ரிசர்வ் வங்கி ஆளுநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இருவருக்கும் வணக்கம்.

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஆறு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவன். கொரோனா காலத்தில் சிறுதொழில் பட்ட பாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று அரசே கணக்கு வெளியிட்டது. அந்தக் கணக்கில் வராத ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணனின் நான்கு தறிகளையும் ஒரு கடன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2020இல் தறி நின்றபோது விழுந்த பாக்கி, வட்டியும் அபராதமுமாக வளர்ந்து இங்கே வந்து நின்றது. ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல், பாதி நெய்தபடி இருந்தது. "அறுத்து எடுத்துக்கோங்க" என்றார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பாவு அது. அவர் வீட்டு அக்காதான் பிணைத்தார். அவரே கத்தரிக்கோலை எடுத்து அறுத்தார். தறியை வாங்க வந்தவர் நெசவு தெரிந்தவர் இல்லை, பழைய இரும்புக்காரர். வாசலிலேயே சம்மட்டியால் உடைத்து, எடை போட்டு, வண்டியில் ஏற்றினார்கள். வந்த பணம் வட்டிக்கே பத்தவில்லை. அசல் அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் இப்போது அவருக்கு வேலை இருக்கிறது. வியாபாரி நூல் கொடுத்து, கூலிக்கு நெய்து தரச் சொல்லிக் காத்திருக்கிறார். தறிதான் இல்லை. ஒரு தேசம் மந்தத்திலிருந்து எழுந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். எழும்போது கையில் கருவி இல்லாதவன் எதைப் பிடித்து எழுவான்?

நான் கேட்பது ஒன்றுதான். ஊரே படுத்துவிட்ட காலத்தில் விழுந்த பாக்கிக்காகத் தறியைத் தூக்காதீர்கள். கடனைத் தள்ளி வையுங்கள்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்த ஆறு மாதமும் வட்டி ஓடியது. வட்டிக்கு விழுந்த வட்டியைத்தான் பிறகு திருப்பிக் கொடுத்தீர்கள். செப்டம்பரில் தவணை தொடங்கியது, ஆர்டர் தொடங்கவில்லை. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் என்ற விதிக்கு எங்கள் தெரு எப்படித் தாங்கும்?

சட்டம் எங்களுக்கு முழுக்க எதிரி என்றும் சொல்லமாட்டேன். கைவினைஞனின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்வதாக ஒரு வக்கீல் எடுத்துக் காட்டினார். அப்புறம் அவரே, கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொன்னார். எங்களிடம் ஈடு கொடுக்க வேறு என்ன இருக்கிறது? தறியை எழுதிக் கொடுத்தால்தானே கடனே கிடைக்கிறது!

ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முந்தைய பெருமந்தத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் 1933இல் உழைப்பாளிகளில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த ஆண்டே அரசு தனியாக ஒரு கழகம் அமைத்து வீட்டுக் கடன்களைத் தன் பக்கம் வாங்கியது. சுமார் பத்து லட்சம் குடும்பங்களின் கடன் 15 ஆண்டுத் தவணையாக மாறியது. பெரும்பாலோருக்கு வீடு கையில் நின்றது.

இங்கேயும் நடந்தது. விளைபொருள் விலை விழுந்து, வீட்டு நகையை விற்றுச் சாப்பிட்ட காலம் அது. எங்கள் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவி போன்றது) 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி ரத்தானது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஆனால் சட்டம் வரப் பல வருடம் ஆனது. அதற்குள் நிலத்தை விற்றுவிட்டவனுக்கு அது எட்டவில்லை. தாமதம் என்பது எங்களுக்கு அப்படித்தான் முடியும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெரிய கம்பெனி கடனில் மூழ்கினால் 2016ஆம் ஆண்டு திவால் சட்டப்படி, தீர்வுக்கான காலம் முடியும்வரை கடன் கொடுத்தவர்கள் அதன் இயந்திரங்களில் கை வைக்க முடியாது. ஆலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஓடுகிற ஆலைக்கு மதிப்பு அதிகம் என்று அங்கே தெரிகிறது. ஓடுகிற தறி என்றால் மட்டும் அது தெரியாமல் போனது ஏன்? எட்டு மணி நேரம் நின்றே நெய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு சட்டமும் பேசாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. பொருளாதாரம் சுருங்கியதாக அரசே அறிவிக்கும் காலத்தில் விழுந்த பாக்கிக்கு, ஈடாக எழுதிக் கொடுத்த தறியையும் பட்டறைக் கருவியையும் எடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. பாக்கியை நீண்ட தவணையாக மாற்ற ஒரு வழி. அதை வங்கி மட்டுமல்ல, தனியார் கடன் நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும். இதைத்தான் தாழ்மையுடன் கேட்கிறேன்.

அந்த அண்ணன் இப்போது என் பட்டறையில் ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறார். அக்கா தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுகிறார். என் ஆறு தறியும் ஈட்டில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரன்,
கொண்டலாம்பட்டி, சேலம்