அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு 'சி' பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா எழுதுகிறேன். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என இரண்டு கடிதங்களை அலுவலகத்தில் கொடுத்தேன். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டுச் சொல்றோம் சார்" என்றார்கள். இப்போது நவம்பர். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் போலும். போன ஞாயிறு நடந்ததைப் பார்த்த பிறகு, மூன்றாவது கடிதத்தை எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். போன வருடம் பிரேயர் முடிந்ததும் தினமும் பத்து நிமிடம், மூச்சைக் கவனித்து மனதை நிதானப்படுத்தும் 'மூச்சு பீரியட்' இருந்தது. ப்ளஸ் டூ வந்ததும் அதை ஸ்லிப் டெஸ்டுக்கு எடுத்துக்கொண்டீர்கள். அதைத் திருப்பித் தர வேண்டும்.

திங்கட்கிழமை காலை எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஞாயிறு இரவு வாட்ஸ்அப் குழுவில் வாரத் தேர்வு மதிப்பெண் வந்துவிடும். முதலிடம் தொடங்கிக் கடைசி இடம் வரை, பெயரோடு. மறுநாள் ஐந்தரை மணிக்கு எங்கள் குளியலறையில் குழாய் ஓட ஆரம்பிக்கும். வாளி நிரம்பி வழிந்த பிறகும் ஓடும். தான் வாந்தி எடுப்பது எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று மகள் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். கேட்காத மாதிரி நானும் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மா தோசையைத் திருப்பாமல் கருகவிடுவாள். ஸ்கேன் எடுத்தோம், ரத்தப் பரிசோதனை செய்தோம். கடைசியில் எங்கள் டாக்டர், "வயித்துல ஒண்ணும் இல்லைங்க, திங்கட்கிழமையிலதான் ஏதோ இருக்கு" என்றார். (இதையெல்லாம் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். குழாய் விஷயம் எங்களுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "பேர் மட்டும் போடாதீங்கப்பா" என்றாள்.)

இந்தத் திங்கட்கிழமை வாந்தி ஆரம்பித்தது போன வருடம், ப்ளஸ் ஒன்னில். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் தாவரவியல் ஆசிரியை அந்தப் பத்து நிமிடத்தைத் தொடங்கினார். அவர் செய்ததில் மாயம் எதுவும் இல்லை. பாதம் தரையில் படும்படி உட்காரச் சொல்வார். மூக்கு நுனியில் காற்று வந்து போவதைக் கவனிக்கச் சொல்வார். மனம் கெமிஸ்ட்ரிக்கு ஓடினால், ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டு, தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்ப வர வேண்டும். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும், நெஞ்சுப் படபடப்பு தானாக இறங்கும் என்பார். கண்ணை மூடினால் பயமாக இருக்கும் பிள்ளைகள் மூட வேண்டாம், தரையைப் பார்த்தாலே போதும். பிடிக்காதவர்கள் சும்மா இருக்கலாம்.

பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த வயதில் மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதி முழு வேகத்தில் ஓடுகிறது, 'கொஞ்சம் பொறு' என்று சொல்லும் முன்பகுதி முதிர்ச்சி அடைய இருபத்தைந்து வயதுகூட ஆகலாம் என்றார். அதனால் வந்திருக்கும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். பெயர் வைத்தாலே அதன் வேகம் கொஞ்சம் குறையுமாம். "தமிழ்ல நாம கோபம் வருது, பயம் வருதுன்னுதானே சொல்றோம்? வந்தது கிளம்பிப் போகும்ல" என்றார். நாற்பத்தேழு வருடமாகத் தமிழ் பேசுகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது எங்கள் வீட்டுக் குழாய்ச் சத்தம் குறைந்தது. ஜனவரியில் நின்றுவிட்டது. அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தோடு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போக முடிந்தது. தம்பியோடு சண்டை வந்தால் கதவை அறைந்து சாத்துகிறவள், "எனக்கு இப்ப கோபம் வருது, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள். அவனுக்குத்தான் அது பெரிய ஏமாற்றம்.

ஜூன் மாதம் ஸ்லிப் டெஸ்ட் சர்குலர் வந்தது. ஆகஸ்டில் குழாய் திரும்ப ஓட ஆரம்பித்தது.

அப்புறம் போன ஞாயிறு. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மாணவன் தேர்வு அறையில் மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பரிகாரமாக 'ஒருநாள் மைண்ட்ஃபுல்னஸ் முகாம்'. அந்த ஆசிரியை சொல்லிக்கொடுத்த மாதிரி, மூச்சையும் மனதையும் கவனிக்கும் பயிற்சிக்குத்தான் இந்த ஆங்கிலப் பெயர். பேர்தான் ஒருநாள், நடந்தது மூன்று மணி நேரம். கட்டணம் 600 ரூபாய், சான்றிதழ் உண்டு. அறுநூறு பிள்ளைகளை ஆடிட்டோரியத்தில் அடைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். கண்ணைத் திறந்த ஒரு பையனை மேடைக்குக் கூப்பிட்டு, ஏன் திறந்தாய் என்று மைக்கில் கேட்டார்கள். மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போதே அதே மைக்கில் மறுநாள் தேர்வுக்கான போர்ஷன் அறிவிக்கப்பட்டது. புதன்கிழமை பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டீர்கள். கண் மூடிய பிள்ளைகளின் படத்துக்குக் கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது'. நிர்வாகத்தின் மன அமைதிக்கு முகாம் நன்றாகவே உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பயிற்சியை இன்றைய வடிவில் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனையில் தொடங்கிய ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கு எட்டு வாரம் என்று வகுத்தார். நடுவில் தினமும் வீட்டிலும் செய்ய வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில்கூட இதைத் தினசரி வகுப்பில்தான் வைத்தார்கள். நீங்கள் ஒரே ஞாயிற்றில், அதுவும் மதிய சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டீர்கள்.

முதல்வரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "இதெல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு பிரிட்டன்லயே ஆய்வு வந்திருக்கு சார்" என்றார். வந்திருக்கிறது, நானும் தேடிப் படித்தேன். 2022-ல் வெளியானது. 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். வழக்கமாக நடத்தும் மனநலப் பாடங்களைவிட இது கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை என்பதுதான் முடிவு. மறைக்க மாட்டேன். ஆனால் அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது: பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. சரி, வேலைக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 600 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள்?

மூச்சைக் கவனித்தால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசிரியையும் சொன்னதில்லை. ஒரு பிள்ளையின் பாதத்தை மிதித்துக்கொண்டே 'வலியைக் கவனி' என்று சொல்லிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது? மார்க்கை வைத்து 'ஏ' முதல் 'இ' வரை பிரிவு பிரிக்கிறீர்கள். பி.இ.டி. பீரியட் போய் இரண்டு வருடம் ஆகிறது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதையும் பலர் முன்னால் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பள்ளியிலும் 'ஆலோசகர் அறை' என்று ஒரு பலகை இருக்கிறது. திறந்து பார்த்தேன். விடைத்தாள் கட்டுகள் இருந்தன. அவைதான் ஒன்றுக்கொன்று ஆலோசனை சொல்லிக்கொள்கின்றன போல. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருக்கும் கழிவறையைப் பற்றி...

மன்னிக்கவும். எங்கோ போய்விட்டேன். அதையெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்றைக்குக் கேட்பது பத்து நிமிடம்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ரிசல்ட் குறைந்தால் என்னைப் போன்ற பெற்றோர்தான் முதலில் வந்து சத்தம் போடுவோம். அந்த வாட்ஸ்அப் பட்டியலில் மகளின் பெயரைக் கீழிருந்து தேடாமல் மேலிருந்து தேடியவன்தான் நானும். அதனால் ஸ்லிப் டெஸ்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. மாலை ஸ்பெஷல் கிளாஸ் ஆறரை வரை போகிறது, அதில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அதை மாற்றலாம். காலைப் பத்து நிமிடத்தை அதே ஆசிரியையிடம் திரும்பக் கொடுங்கள். விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் செய்யட்டும். மைக் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், தயவுசெய்து அதற்கும் மார்க் போட்டுவிட வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு உங்களை நேரில் பார்க்க வருகிறேன். குழாய் நின்ற பிறகுதான் வீட்டிலிருந்து கிளம்ப முடியும். கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு 'சி' பிரிவு மாணவியின் தந்தை