வாள்பல் பூனை புலிக்கு மூதாதை அன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வாள்பல் பூனையைப் பற்றி வெளியான கட்டுரையை எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்கள் ஆவலோடு படிக்கிறார்கள். ஆனால் அவ்விலங்கைப் புலியின் மூதாதை என்றும், யானையின் எலும்பையே கடித்து நொறுக்கியது என்றும் அதில் எழுதியிருப்பது சரியன்று.

பூனைக் குடும்பத்தில் புலியும் சிங்கமும் வந்த கிளை வேறு, வாள்பல் பூனைகளின் கிளை வேறு. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ஸ்மைலோடான் என்னும் வாள்பல் பூனைக்கு இன்று வாரிசே இல்லை. படத்தில் அதற்குப் புலிவரி தீட்டியிருப்பதற்கும் சான்று கிடையாது. சைபீரியாவின் யாகூத்தியாவில் 2020-இல் உறைபனியில் கிடைத்த, அதன் உறவினமான ஹோமோதீரியத்தின் குட்டிக்கு இருந்தது அடர்பழுப்பு மயிர்.

எலும்பை நொறுக்கும் கதைக்கு அந்தப் பல்லே எதிர்ச்சாட்சி. பெரிய ஸ்மைலோடான்களுக்கு வேரோடு சேர்த்து 28 செ.மீ. வரை நீண்டிருந்த அக்கோரைப்பல் பக்கவாட்டில் தட்டையானது. கெட்டியான எலும்பில் மோதினால் முறிந்துவிடும். கடிவலுவும், 2007-இல் வெளியான கணினி ஆய்வொன்றின்படி, சிங்கத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, இரையை முதலில் பருத்த முன்னங்கால்களால் தரையோடு அழுத்தி அசையவிடாமல் செய்து, பின்னர் வாயை ஏறத்தாழ 120 பாகை அளவுக்கு விரித்து, கழுத்தின் வலுவையும் சேர்த்துக் கொடுத்து, தொண்டையின் மென்சதையில் பல்லை இறக்கியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. வாலும் குட்டை என்பதால், அது நெடுந்தூரம் துரத்தாமல் பதுங்கிப் பாய்ந்த விலங்கு என்றே கொள்ளலாம்.

டெல்டா மாவட்ட மாணவர்கள் இதன் எலும்புகளை அரியலூரில் தேடலாம் என்ற கட்டுரையின் யோசனைதான் எனக்குப் பெருங்கவலை. கொள்ளிடத்துக்கு வடக்கே அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிர்ப் புதைபடிவங்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரெட்டேசியஸ் காலக் கடலுக்கு உரியவை. அன்று பூனைக் குடும்பமே தோன்றியிருக்கவில்லை. நம் வயல்களில் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலோ வாள்பல் பூனையின் எலும்பு கிடைக்கும் அளவுக்குப் பழையதன்று. இந்தியத் துணைக்கண்டத்தில் வாள்பல் பூனைகளின் எச்சங்களுக்குப் பெயர்பெற்றவை இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள். மெகாண்டெரியான் என்னும் வாள்பல் பூனையின் எச்சங்கள் அப்பாறைகளில் கிடைத்துள்ளன.

பள்ளிகள் அரியலூருக்குச் சுற்றுலா புறப்படும் முன்பே, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருவையாறு.