அப்பாவிடம் பேசு, தம்பி

தம்பி,

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் 'கப்போசி சார்கோமா' என்ற ஒருவகைப் புற்றுநோயின் பெயரைப் பார்த்த அன்று இரவே நீ போனில் தேடியிருக்கிறாய். எங்கே தொட்டாலும் எய்ட்ஸ் என்றுதான் வந்திருக்கும். எச்ஐவி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மூன்று வாரமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அம்மா அழுதார்கள். வேறு வீடுகளிலும் இதே சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால் பெயர் போடாமல் இங்கேயே எழுதுகிறேன்.

இந்தக் கட்டியைப் பற்றி 1872இல் வியன்னாவில் எழுதியவர் மோரிட்ஸ் கப்போசி என்ற தோல் மருத்துவர். எய்ட்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். மத்திய தரைக்கடல் பக்கமும் கிழக்கு ஐரோப்பாவிலும் வயதான ஆண்களின் காலில் ஊதாத் திட்டாக வந்து, வருஷக்கணக்கில் மெதுவாக வளரும் அபூர்வ நோய் அது. 1981 ஜூலையில் நியூயார்க், கலிஃபோர்னியாவில் 26 ஆண்களுக்கு வந்ததாகச் செய்தி வெளியாகி, அது எய்ட்ஸோடு சேர்த்துப் பேசப்பட்ட பிறகுதான் அந்தப் பெயரைக் கேட்டாலே ஆளின் நடத்தையைச் சந்தேகிக்கும் பழக்கம் வந்தது. எச்ஐவியே இருந்திருந்தாலும் நீ முகத்தைத் திருப்புவது நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் காரணமான வைரஸை 1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதி கண்டுபிடித்தார்கள். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். தொற்றியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா கிடக்கும். எதிர்ப்புச் சக்தி இறங்கினால் ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களைக் கண்டபடி பெருக வைக்கும். அப்படி முளைக்கும் குழாய்கள் ஒழுகும். கசிந்த ரத்தம்தான் அந்த ஊதா.

அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி எதனால் இறங்கியது? அம்மா கொடுத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று நேரம் தவறாமல் போடுகிறாரே, அந்த மாத்திரையால். அதன் வேலையே அதுதான்.

டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது சிரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார். பலருக்கு அதிலேயே திட்டுகள் வற்றிவிடும். ஆனால் பயந்துபோய் அப்பாவாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, கிட்னி போய்விடும். வாய்க்குள், குடலில், நுரையீரலில் பரவியிருக்கிறதா என்றும் கேள்.

வியாழக்கிழமை ரிவ்யூ. நீயே கூட்டிக்கொண்டு போ. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை என்றார்கள், வாசலுக்கே ஆட்டோவை வரச்சொல்.

பழைய தோல் வார்டு நர்ஸ்,
உன் எதிர்வீட்டு அக்கா