கதிரை செய்து தந்த ஓடாவியாருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

போன வாரம் எங்கள் மகனுக்கு ஐந்து வயது முடிந்தது. கேக் வெட்டும்போது தன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான், யாரும் பிடிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குறைமாதத்தில் பிறந்தவன். ஏழு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. காட்டிய ஓரிடத்தில், "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். நிறை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்தான் பொத்தியே கிடந்த கையையும், தூக்கினால் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும் கால்களையும் கண்டு, "நாளைக்கே மட்டக்களப்புக்குக் கொண்டு போங்கோ" என்றார். முதல் நன்றி அவருக்கு.

அங்கே பெருமூளை வாதம் என்றார்கள். பிசியோதெரபி மிஸ் எதையும் மறைக்கவில்லை. மூளையில் பட்ட காயம் இனிப் பெருகாது, ஆனால் தசையைச் சும்மா விட்டால் இறுகிப்போகும் என்றார். இப்படியான பிள்ளைகளின் அசைவுத் திறனைப் பிரிக்கக் கனடாவில் 1997இல் வகுத்த ஐந்து நிலைகளில் இவன் நான்காவது, தனியாக நடப்பது கடினம் என்றும் சொன்னார். அன்றைக்கு அழுதேன். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், நடக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு இவனை இருக்கப் பழக்காமலே விட்டிருப்போம். இப்படியான பிள்ளைகளுக்குத் தொடையெலும்பு இடுப்புக் குழியை விட்டு மெல்ல விலகுமென்று எக்ஸ்ரே எடுக்க வைத்தவரும் அவரே. சுவீடனில் 1994இலிருந்து இப்படி விடாமல் பார்த்துத்தான் அதை வெகுவாகக் குறைத்தார்களாம்.

ஓடாவியார் மாமா, உங்களுக்கு என்ன சொல்ல? அளவு நாடாவைக் கண்டு பிள்ளை வீரிட்டான். நீங்கள் ஈர்க்கை முறித்து இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிக்கால் என்று அளந்து, துண்டுகளை மடியில் முடிந்துகொண்டு போனீர்கள். முதல் கதிரையில் வழுக்கினான். வாய் திறக்காமல் தூக்கிப்போய் இருக்கையில் இரண்டு அங்குலம் குறைத்து வந்தீர்கள். சுவர் மூலைபோல முதுகு, பழைய சாரத்தில் வயிற்றுப் பட்டி, கால் பதிய ஒரு பலகை. தோள் முன்னுக்கு வந்ததும் இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டன. கூலியாக வாங்கியது இரண்டு தேங்காய்.

முன்பெல்லாம் மடியில் சாய்த்துத் தீத்துவோம், வாய்க்கு வாய் புரைக்கேறும். இப்போது நாடியைச் சற்றுத் தாழ்த்தி நிமிர்த்தி வைத்தால் குரக்கன் கஞ்சி அரை மணியில் இறங்குகிறது.

கிளினிக் நாட்களில் விடியமுன் குருமண்வெளிப் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கும் மிதவையில், இவனைத் தோளில் சுமந்து ஏற்றிய ஓட்டோ அண்ணனுக்கும், யன்னலோரம் இடம் ஒதுக்கிய பாலர் பாடசாலை டீச்சருக்கும் நன்றி. அப்புறம் என் மாமி. மண்டூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தார், சரி. ஆனால் இரவில் கால் நீட்டும் பயிற்சியை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மாமா, முழங்கால் இப்போது இருக்கைப் பலகைக்கு வெளியே நீள்கிறது. ஈர்க்கோடு ஒருக்கா வாங்கோ.

இப்படிக்கு,
ஒரு தாய், மண்டூர்