வாட்டில் சொல்லிக் கொடுப்பவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தினருக்கு,

வணக்கம். கன்சல்டன்ட் ரவுண்ட் முடித்துப் போன பிறகும் வாட்டில் நிற்பவர், நிபுணராகப் பயிற்சி பெறும் மருத்துவரான ரெஜிஸ்ட்ரார்தான். மருத்துவ மாணவியாக நான் கட்டிலருகே கற்றதில் பெரும்பகுதி அவர்களிடமிருந்து வந்தது.

மூன்றாம் வருடத்தில் ஒரு ரெஜிஸ்ட்ரார் மண்ணீரலைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நேரே இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். "இதுகூடத் தெரியாதா உமக்கு?" என்றார், நோயாளி முன்னாலேயே. எது பிழை என்று சொல்லவில்லை. அப்புறம் பல வாரம் யாருடைய வயிற்றையும் தொடப் பயந்தேன்.

அடுத்த வாட்டில் ஒரு ரெஜிஸ்ட்ரார் அக்கா என் கைமேல் தன் கையை வைத்து, வலது அடிவயிற்றில் தொடங்கினார். "ஐயா, மூச்சை நல்லா இழுங்கோ." ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர்ந்தோம். பெருத்த மண்ணீரல் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும். மேலேயே தொடங்கினால் அதன் விளிம்பைத் தவறவிடுவோம் என்றார். சொல்லி முடிக்கும்போதே அது என் விரலில் வந்து முட்டியது.

இருவருக்கும் மருத்துவம் தெரியும். கற்பிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பிறகு நானே ரெஜிஸ்ட்ரார் ஆகி, இரவெல்லாம் விழித்திருந்த ஒரு காலையில், ஒரு மாணவனிடம் அதே வசனத்தைச் சொன்னேன். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாணவர்கள் மருத்துவ பீடத்துக்குரியவர்கள், வாட் சுகாதார அமைச்சுடையது, ரெஜிஸ்ட்ரார் உங்கள் பயிலுநர். மூன்றுக்கும் நடுவில், ரெஜிஸ்ட்ராருக்குக் கற்பிக்கப் பழக்கும் வேலை யாருடைய பொறுப்பும் இல்லாமல் கிடக்கக் கூடாது. அமெரிக்காவில் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ரெசிடென்ட்களை (நம் ரெஜிஸ்ட்ரார் போன்றவர்களை) அதற்குத் தயார்படுத்த வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரி அங்கீகாரத்துக்கே ஒரு நிபந்தனை. அங்கே 1992இல் ஒரு குடும்ப மருத்துவ இதழில் வந்த 'ஒரு நிமிட' கற்பித்தல் முறை, நெரிசலான நம் வாட்டுக்கும் பொருந்தும். என்ன நோய் என்று நினைக்கிறீர், ஏன் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு ஒரு பொது விதியைச் சொல்லி, சரியாகச் செய்ததைப் பாராட்டி, பிழையைத் திருத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் செய்து பழகாமல் வராது.

எல்லா ரெஜிஸ்ட்ரார்களுக்கும், பயிற்சி தொடங்கும்போதே ஒரு முழுநாளை இதற்கு ஒதுக்குங்கள். பிறகு அவர்கள் கட்டிலருகே கற்பிப்பதை ஒரு மூத்தவர் நின்று பார்த்து, குறைநிறையைத் தனியாகச் சொல்லட்டும். மாணவர்கள் சொல்வதும் அவர்களுடைய பயிற்சிப் பதிவேடான போர்ட்ஃபோலியோவில் ஏறட்டும். கற்பிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வராவிட்டால், களைத்த மனிதரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதல் பயிற்சி நாளுக்கு ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு வைத்தியர்