கல்லீரல்தான் முதலில் என்றவர்களுக்கு

மரியாதைக்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த உறவுகளுக்கும் வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்த என் கணவருக்கு, மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வைத்த குடல்வாயை மூடி ஒரு மாதம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுதும் தெம்பு எனக்கு வந்திருக்கிறது.

முதல் நன்றி கல்லீரல் அறுவை மருத்துவருக்கு. ஐயா, அன்று உங்கள் அறையில் நான் குரலை உயர்த்திவிட்டேன். மலக்குடலில் கட்டி, கல்லீரலின் வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் ஒன்று. கல்லீரலை முதலில் கவனிப்போம் என்றீர்கள்; "வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவீர்களா?" என்று கேட்டேன். நீங்கள் முகம் சுளிக்காமல் ஒரு தாளை எடுத்துக் குடலையும் கல்லீரலையும் வரைந்தீர்கள். குடலில் அடைப்பு இல்லை, இரத்தப்போக்கு இல்லை, அது பொறுக்கும்; கல்லீரல் பொறுக்காது என்றீர்கள். குடலை முதலில் வெட்டி, தைத்த இடத்தில் கசிவு வந்தால் புற்றுநோயை அழிக்கும் கீமோ மருந்து வாரக்கணக்கில் தள்ளிப்போகும், அதற்குள் கல்லீரல் கைமீறிவிடலாம். அடைப்பு இருந்திருந்தால் குடல்தான் முதலில் என்பதையும், கல்லீரலில் சிறிதாக ஒன்றிரண்டே இருந்தால் இரண்டையும் ஒரே அறுவையில் முடிப்பதுண்டு என்பதையும் சொன்னீர்கள். கல்லீரலை முதலில் கவனிக்கும் இந்த வரிசையை 2006இல் ஜெனீவாவின் மென்தா குழுவினர் எழுதி வெளியிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். முகம் தெரியாத அவர்களுக்கும் என் நன்றி.

கீமோ பிரிவுச் செவிலியர் அக்காவுக்கு எப்படிச் சொல்வேன்? 14 நாளுக்கு ஒருமுறை மருந்து. அதன் பின் 46 மணி நேரம் இடுப்பில் பம்ப். உள்ளே பலூன் போன்ற பை, மருந்து இறங்க இறங்கச் சுருங்கும். இரவில் கைவிளக்கை அடித்து அது சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறினால் குளிர்ந்ததைத் தொடக்கூடாது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக் கையுறை போடவைத்தீர்கள். ஒருமுறை மறந்து தண்ணீர்ப் புட்டியைப் பிடித்தவர், விரலில் ஊசி இறங்கியதுபோல் துடித்துவிட்டார். உங்கள் சொல்லின் அருமை அன்று புரிந்தது.

நான்கு சுற்றில் கட்டிகள் நன்றாகச் சுருங்கின. எல்லாம் மறையும்வரை மருந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். கீமோ மருத்துவர் அம்மா, நீங்கள் இசையவில்லை. ஸ்கேனில் மறைந்தது உள்ளே உயிரோடு இருக்கலாம்; அறுவை செய்பவரால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்; மருந்து கூடக்கூடக் கல்லீரலும் நொந்துபோகும். "வெட்டத்தான் மருந்து, மறைக்க இல்லை" என்றீர்கள். அந்த உறுதிக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

வலப்பக்கத்தை எடுத்தால் மிஞ்சும் பகுதி போதாது என்று கணக்கிட்ட கதிரியக்கப் பிரிவினரை மறக்க மாட்டேன். கீமோ கண்ட கல்லீரலில் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டுமாம். வலப்பக்கம் போகும் இரத்தக்குழாயை அடைத்தீர்கள். இடப்பக்கம் தானே வளர்ந்தது. நான்கு வாரம் கழித்து இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினீர்களே, அந்த வளர்ச்சியைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். பிறகு வலப்பக்கத்தை எடுத்து, இடப்பக்கத்து ஒன்றை ஊசியால் சுட்டு அழித்தார்கள்.

உடம்பு தேறியதும் மலக்குடலுக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, அதன் பின் அறுவை, மீதிக் கீமோ. குடல்வாய்ப் பையை மாற்றத் தயங்கி நின்ற என் கையைப் பிடித்துப் பழக்கிய செவிலியருக்கும், அத்தனை இரவும் மருத்துவமனைத் தரையில் படுத்திருந்த என் நாத்தனாருக்கும், பெயர் தெரியாத இரத்தக் கொடையாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐயா, நீங்கள் வரைந்த தாள் எங்கள் கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வருகிறோம். அவரே நடந்து வருவார்.

நன்றியுடன்,
அவருடைய மனைவி