கணினி வகுப்பில் கீபோர்டையும் பழக்குங்கள்

ஆசிரியருக்கு,

போன வாரம் எங்கள் ஊர் டைப்பிங் சென்டரில் மனு அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஒன்றரைப் பக்கம் அப்படியே போய்விட்டது. அடிக்கிற பையன் நடுநடுவே கண்ட்ரோலோடு எஸ் அழுத்திச் சேமித்திருந்தால் தப்பியிருக்கும். அவனைக் குறை சொல்ல மனமில்லை, யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தவறி அழித்ததைக் கண்ட்ரோல் இசட் மீட்டுத் தரும் என்பதெல்லாம் வகுப்பின் முதல் நாளே சொல்ல வேண்டியது.

அப்புறம் தமிழ்99. தமிழக அரசு 1999-இல் ஏற்ற விசைப்பலகை, உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், 'அம்மா' அடிக்க நாலே தட்டு, ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாகவே விழும். இவ்வளவு எளிதான ஒன்றைப் பள்ளியிலேயே பிள்ளைகளின் விரலுக்குப் பழக்கிவிட வேண்டும்.

– வாசகர், தேனி